இலைக்கு எந்தக் கோழி

எனக்கும் என் மனைவி வான்மதிக்கும் நடந்த சண்டைகளில் பாதி கோழியைப் பற்றியவை. அமெரிக்கா வந்த பிறகு அது தீரும் என்று நினைத்தேன். இங்கே வந்துதான் முற்றியது. சூப்பர்மார்க்கெட் கோழி அவளுக்கு ஆகவே ஆகாது. "ஊசி போட்டு ஊதவெச்ச கோழி" என்பாள். நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக் ஊரில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவ்வளவு பெரிய கடை இருக்கும்போது, இவள் சனிக்கிழமை காலையில் டிக்கியில் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி எல்ஜின் பக்கம் ஒரு பண்ணைக்குப் போவாள். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கோழிகளைப் புல்வெளியில் திறந்துவிட்டு வளர்க்கிறார். உயிரோடு பார்த்து, இது வேண்டும் என்று விரலால் காட்டினால்தான் என் மனைவிக்குத் திருப்தி. கிழவர் அதைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணிக் கொடுப்பார். விலையைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும், விட்டுவிடுங்கள்.

நான் கடைக் கோழிக் கட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றிச் சுற்றி வேகவைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் சுடச்சுட அடுக்கியிருப்பார்களே, அந்தக் கோழி. மகன் அகிலன் ஹைஸ்கூல் படிக்கும்போது நீச்சல் பயிற்சி முடிந்து அகோரப் பசியோடு வருவான். கடை பார்க்கிங்கிலேயே காரை நிறுத்தி, டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு, அப்பனும் பிள்ளையும் கையால் பிய்த்துத் தின்போம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டுவேன். ஒரு பிரயோஜனமும் இருக்காது. "எங்க மேஞ்சிட்டு வரீங்க ரெண்டு பேரும்?" என்று வாசலிலேயே பிடித்துவிடுவாள்.

அகிலன் இப்போது இல்லை. போன ஜனவரியில் விடுமுறை முடிந்து ஹூஸ்டனுக்கு, காலேஜுக்குத் திரும்பிப் போகும்போது, மழையில் ஒரு லாரி அவன் கார்மேல் ஏறிவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் பக்கம், அதாவது ஆரணி, செய்யாறு பக்கம், வருஷம் திரும்பினால் படையல் போடுவோம். போனவருக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அது இலையில் விழ வேண்டும். கவுச்சி பிடித்தவர் என்றால் கவுச்சிதான். படத்துக்கு முன்னால் இலையைப் போட்டு எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். அந்த நேரத்தில் அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. பிடிக்காததை வைத்தால் இலையைப் பார்த்துவிட்டுப் பட்டினியாகத் திரும்பிவிடுவாராம். பகுத்தறிவு, கடவுள் மறுப்பு எல்லாம் பேசித் திரிந்தவன் நான். என் அப்பாவுக்குப் போட்ட படையலின்போது வெளியே நின்று கிண்டலடித்திருக்கிறேன். என் பிள்ளை விஷயத்தில் என்னால் அப்படி நிற்க முடியவில்லை. எனக்கு அவன் போட வேண்டிய இலை அது. தலைகீழாகிவிட்டது.

ஊரிலிருந்து என் அக்கா வசந்தாமணி போன் பண்ணினாள். "புள்ளைக்கு எது பிடிக்குமோ அத மட்டும் வைங்கடா. நாங்க இங்க இருந்து என்னத்தச் சொல்றது, உங்களுக்குத்தான தெரியும்," என்றாள்.

எங்களுக்குத்தான் தெரியும். அதில்தான் வந்தது வினை.

"சனிக்கிழமை பண்ணைக்குப் போயிட்டு வந்துடறேன்," என்றாள் வான்மதி.

"எதுக்கு மதி? அவனுக்குப் பிடிச்சது கடைக் கோழி."

"உங்களுக்குப் பிடிச்சதுன்னு சொல்லுங்க."

"கடிச்சா பல்லு ஆடற கோழிய எந்தப் பையன் விரும்பிச் சாப்பிடுவான்? உனக்கு அவன் டேஸ்ட் தெரியாது."

"பெத்தவளுக்குத் தெரியாதா?" குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. "நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தப்ப என் குழம்ப ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நீங்களும்தான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

உட்கார்ந்திருந்தேன். கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டான். ஆனால் அதே விடுமுறையில் என்னோடும் கடைக்கு வந்தான். பழையபடி பார்க்கிங்கில் டப்பாவைத் திறந்தோம். காலைப் பிய்த்து, "நீங்க சாப்பிடுங்கப்பா" என்று என்னிடம் நீட்டினான். இன்னொரு காலையும் எனக்கே கொடுத்தான். சின்ன வயதில் காலுக்காக என்னோடு அடித்துக்கொண்ட பயல். பிள்ளை வளர்ந்துவிட்டான், அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வருஷமாக அந்தக் காரையும் அந்தக் கோழிக் காலையும் நினைத்துத்தான் நான் தூங்கப் போகிறேன். அதை அவளுக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

இது கோழிச் சண்டையே கிடையாது என்று இருவருக்கும் தெரியும். அவனை யாருக்கு அதிகம் தெரியும் என்ற சண்டை. போய்விட்ட பிள்ளையில் பங்கு கேட்டு நின்றோம் இரண்டு பேரும், வெட்கமில்லாமல்.

படையலுக்கு முந்தின நாள் அவள் பண்ணைக்குப் போனாள். நான் கடைக்குப் போனேன். மத்தியானம் சமையலறை மேடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவளுடையது ஐஸ் பெட்டியில், ஒல்லியாக, மஞ்சள் தோலோடு. என்னுடையது டப்பாவில், மூடியில் ஆவி படிந்து, கொழுகொழுவென்று.

"சரி, ரெண்டையுமே வைப்போம். இலையில எடமா இல்ல?" என்றேன்.

"அந்தக் குப்பை என் புள்ள இலையில விழக்கூடாது."

"குப்பையா? அதத் தின்னு வளந்தவன்டி அவன்!"

"திருட்டுத்தனமாக் குடுத்துட்டு அதப் பெருமையா வேற சொல்றீங்களா?"

குரல் ஏறிவிட்டது. மாடியிலிருந்து மகள் அதிதி தடதடவென்று இறங்கி வந்தாள். ஹைஸ்கூலில் படிக்கிறாள். நாங்கள் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அண்ணன் போன பிறகு அதுவும் குறைந்துபோய், தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டவள்.

"ஸ்டாப் இட்! ப்ளீஸ், ஸ்டாப் இட்!" என்று கத்தினாள். "ஹி வாஸ் வெஜிடேரியன்!"

எங்கள் இருவருக்கும் உடனே உறைக்கவில்லை. வான்மதிதான் முதலில் கேட்டாள். "யாரு?"

"அகில். அவன் சிக்கன் சாப்பிடறதில்ல. எதுவுமே சாப்பிடறதில்ல." இந்த இரண்டு வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். எங்களுக்கு நன்றாகப் புரியட்டும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அழுதுகொண்டே இங்கிலீஷில் கொட்டினாள். அவள் சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன்.

அவன் போவதற்கு முந்தின கோடை விடுமுறையில் வான்மதி அவனைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நல்ல கோழி எப்படி வளர்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவன் புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு செவலைக் கோழி வந்து அவன் ஷூ கயிற்றைக் கொத்தி விளையாடியிருக்கிறது. அவனும் சிரித்து அதைப் போனில் வீடியோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து அவன் அம்மா, "நீயே ஒண்ணு செலக்ட் பண்ணுடா" என்றிருக்கிறாள். எதற்கு என்று யோசிக்காமல் இவன் அந்தச் செவலையைக் கை காட்டிவிட்டான். கிழவர் அதன் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார்.

டப்பாவில் இருக்கிற கோழிக்கு முகம் கிடையாது. பிள்ளை அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்திருக்கிறான். அதோடு விட்டுவிட்டான், கடைக் கோழி, பண்ணைக் கோழி இரண்டையும்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?" வான்மதி அதிதியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவன் ஏன் சொல்லல?"

"நீ அவனுக்காக அவ்ளோ தூரம் டிரைவ் பண்றேன்னு சொன்னான். உனக்கு ஹர்ட் ஆகும்னான். யாருகிட்டயும் சொல்லாதன்னு ப்ராமிஸ் வாங்கிட்டான்." அம்மாவுக்காக மறுபடி தமிழுக்கு வந்திருந்தாள்.

"தேங்க்ஸ்கிவிங்குக்கு ரெண்டாவது தடவை கேட்டானேடி..."

அதிதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ பாத்துட்டே நின்ன, அம்மா."

வான்மதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தக் கோழிக்கால் ஞாபகம் வந்துவிட்டது. அவன் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. தப்பித்துக்கொண்டிருக்கிறான். நான் இரண்டு காலையும் சப்பிச் சப்பித் தின்று, பாசம் என்று கண்கலங்கியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது அப்போதே என் கண்ணில் பட்டதுதான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பா, எனக்கு இது வேண்டாம் என்று சொல்லக்கூட இடம் கொடுக்காமல் பாசத்தைக் கொட்டியிருக்கிறோம், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு. அவன் சொல்லாமல் போனதில் எனக்குக் கோபம்கூட வந்தது. என்ன செய்ய, யார்மேல் கோபப்படுவது?

கடைசியில் வான்மதிதான் கேட்டாள். மகளிடம் அப்படிப் பணிவாக அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அப்போ என்னதான் சாப்பிடுவான்மா அவன்? உனக்குத் தெரியுமா?"

"நூடுல்ஸ். பீன்ஸ். அப்புறம் சாம்பார்." அதிதி தயங்கினாள். "ரூம்ல அவனே பண்ணுவான். ரொம்பக் கேவலமா இருக்கும்னு ரூம்மேட் சொல்வானாம். ஒரு நாள் நான் உங்கிட்ட ரெசிபி கேட்டேன்ல? அது எனக்கில்ல."

அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. பெண்ணுக்குச் சமையலில் ஆர்வம் வந்துவிட்டது என்று வான்மதி தலைகால் புரியாமல் பருப்பிலிருந்து பெருங்காயம் வரை விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தாள். அத்தனையும் ஹூஸ்டனுக்குப் போயிருக்கிறது. அந்தப் பக்கம் ஒருவன் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் காலையில் வான்மதி சாம்பார் வைத்தாள். உருளைக்கிழங்கு வறுத்தாள். அதிதி கூடவே நின்று, "அவன் வெண்டைக்கா போடுவான்" என்றபோது வெண்டைக்காயும் போட்டாள். கோழிகள் இரண்டையும் நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டார். பையன் வருகிறான் என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் அறையிலேயே இலை போட்டோம். பட்டமளிப்பு அங்கியில் ஹைஸ்கூல் முடித்த அன்று எடுத்த படம், வாயெல்லாம் பல். சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம், ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். எங்கள் சாதிசனத்தில் ஒரு வாலிபப் பிள்ளைக்கு இவ்வளவு சப்பையான படையலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கற்பூரம் காட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் வெளியே வந்தோம்.

படையல் நேரத்தில் பேசக்கூடாது. சத்தம் கேட்டால் வந்தவர் எழுந்து போய்விடுவார் என்பார்கள். நான் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன். அதிதி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வான்மதி கதவுக்கு நேரே, நெற்றி அதில் படும்படி நின்றிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. பிறகு, பேசக்கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லிவைத்தவளே, கதவோடு கதவாக வாயை வைத்துப் பேசிவிட்டாள்.

"அகில்... அம்மா இந்தத் தடவ பாக்கலடா. பிடிக்கலன்னா வெச்சிடு கண்ணு. எனக்காகச் சாப்பிடாத."