ஏழு நிறச் சுவர்

பெயிண்டருக்கு வட்டாரத்தில் ‘ரெண்டு கோட்டு’ என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவில்கூட ஆள் தெரியாது. எந்தச் சுவரைக் காட்டினாலும், எந்தக் கதவைக் காட்டினாலும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “ரெண்டு கோட்டு அடிச்சா இருந்த இடம் தெரியாது.” ஒருமுறை அவருடைய சகலை, பெண்டாட்டியோடு சண்டை என்று வந்து மூக்கைச் சிந்தியபோதுகூட வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். அதைப் பெயிண்டரின் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பாள் என்றா சொன்னேன்? சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லவேண்டும். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருபவள். கண்ணாடியெல்லாம் ஏற்றிய காருக்குள் அவள் சிரித்தால் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே பாதிப்பேர் கூடச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒன்றரை வருஷமாக அந்தச் சிரிப்பைக் காணோம். சிரிப்பு பாதியில் இருமலாகத் திரும்பி, இருமல் இழுப்பாகி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கடைசியில் சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்து அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். இருமலைக்கூடப் பெயிண்டரால் சகித்துக்கொள்ள முடிந்தது. அந்த உதட்டைக் கடிப்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

தெருமுனை டாக்டரிடம் போனார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “வீட்டுக்காரர் என்ன வேலை?” என்றார்.

“பெயிண்டர்.”

“அதான்!” என்றார் டாக்டர். சோதனை அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து பெயிண்டர் தன்னைத்தானே வீட்டுக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டார். வேலைத்துணியைக் கொல்லைப்புறத்திலேயே கழற்றிப் போட்டு, அங்கேயே மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஹாலில் பாயை விரித்துக்கொண்டு, படுக்கையறையை மனைவிக்கே விட்டுக்கொடுத்தார். தன் மேல் இருக்கும் பெயிண்ட் வாசனை ஒரு துளிகூட அவளை அண்டக்கூடாது என்று அந்த அறையின் ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினார். கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்தார். பாவம், அத்தனையும் பாசத்தில் செய்தது.

அந்தப் படுக்கையறையில்தான் அந்தச் சுவர் இருந்தது. கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் அடிக்கடி கறுப்பாகப் பூத்துக்கொண்டு வரும். மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரின் குளியலறைக் குழாய் அந்தச் சுவருக்குள் இறங்கியிருந்தது. பெயிண்டர் போய்ச் சொல்வார். சொந்தக்காரர் முகம் நிறையச் சிரிப்போடு, “சாயந்தரமே ஆள அனுப்புறேன்” என்பார். எந்தச் சாயந்தரம் என்று அவர் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. பெயிண்டர் வீட்டுச் சுவரில் கறை என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஏதாவது ஒரு வேலையில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து, பட்டி பார்த்து, இரண்டு கோட்டு அடித்துவிடுவார். சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மூன்றரை வருஷத்தில் இப்படி ஏழு தடவை.

“படுக்கும்போது நீலம், எந்திரிச்சா ரோஸ். நான் எந்த வீட்டுல இருக்கேன்னே தெரியலங்க” என்பாள் மனைவி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

விடிவு வந்தது டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான். அறுபதை நெருங்குகிற வயதில் கார் பழக வந்தார் ஒருவர். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் டாக்டர். மனிதருடைய நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வெடவெடவென்று நடுங்கும். ஒரு திங்கட்கிழமை காலை, பாடம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் இவளுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் பயந்துபோய் நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் திட்டிய திட்டைக் கேட்டுக்கொண்டே, “ஏம்மா, ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுல இருந்துட்டு திங்கக்கிழமை வந்தா உங்களுக்கு அதிகமா இருமுது, கவனிச்சீங்களா? காலையில காருல ஏறும்போது இருமுறீங்க, ஒரு மணி நேரம் சுத்துனா நின்னுடுது” என்றார்.

“நான் எங்க சார் கவனிக்கிறது? நீங்க எந்த மரத்துல மோதப்போறீங்கன்னு பாக்கவே எனக்கு நேரம் பத்தல.”

“நாளைக்கு உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு என் கிளினிக்குக்கு வாங்க. அங்க நான் இவ்வளவு பயப்பட மாட்டேன்.”

மறுநாள் அவர் அவளை ஒரு குழாயில் மூச்சுமுட்ட ஊதச் சொன்னார். மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார். முன்கையில் வரிசையாகச் சொட்டுவிட்டு ஊசியால் கீறி, கால்மணி நேரம் காத்திருந்தார். ஒரே ஒரு சொட்டு இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. அப்புறம் பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

பெயிண்டர் முந்திக்கொண்டார். “தெரியும் டாக்டர். என்னாலதான். நான் வேணா வேற தொழில் பாக்குறேன்.”

“நீங்க வெளியூர் போனதுண்டா?”

“போன மாசம் மூணு வாரம் போயிருந்தேன். ஒரு லாட்ஜ் வேலை.”

“அப்ப இவங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப முத்திப்போச்சு டாக்டர்.”

“நீங்க இல்லாதப்ப முத்திப்போச்சு. காருல போனா சரியாகுது. அப்புறம் எப்படிய்யா உங்களால வரும்? வீட்டுலதான் ஏதோ இருக்கு. இவங்க கையில தடிச்சது பூஞ்சணச் சொட்டு. சுவத்துல எங்கயாவது பூஞ்சணம் பிடிச்சிருக்கா?”

“இல்ல டாக்டர். இருந்துச்சு. ஏழு தடவையும் ரெண்டு கோட்டு அடிச்சு மறைச்சுட்டேன்” என்றார் பெயிண்டர் பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பூஞ்சணம் பெயிண்டுக்கு அடியில் உயிரோடுதான் இருக்கும், ஈரம் நிற்கிறவரை மறுபடி மறுபடி வந்துகொண்டேதான் இருக்கும், அதன் தூள் மூச்சில் போய்த்தான் இந்த இழுப்பு என்று பொறுமையாக விளக்கினார். பெயிண்டருக்கு ஒரு பக்கம் தன்னால் வந்த நோய் இல்லை என்ற நிம்மதி. கண்ணே கலங்கிவிட்டது. மறுபக்கம், ஜன்னலைச் சாத்தி, இடுக்கை அடைத்து, அந்தச் சுவரோடு அவளை விட்டுவைத்தது யார் என்ற நினைப்பு வந்து நெஞ்சைக் கிள்ளியது.

“மருந்து நான் தர்றேன். இழுக்குற மருந்து, ரெண்டு வேளை, விடாம எடுக்கணும்” என்றார் டாக்டர். “ஆனா அந்த ரூம்ல இவங்க தூங்கவே கூடாது. குழாய மாத்தி, பூச்ச உடைச்சு எடுக்கணும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. கடிதம் எழுதித் தர்றேன், வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட குடுங்க.”

மனைவி அன்றே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கடிதத்தைப் படித்த சொந்தக்காரர் முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினார். “வீடு ஒத்துக்கலன்னா காலி பண்ணிக்குங்க. ஒரு மாசம் டைம்.”

இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தார். ஆடுகிற மேஜைக்கு அடியில் மடித்த காகிதத்தைச் செருகிவிட்டு, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார்.

“நோயாளியோட பக்கம் டாக்டர் கடிதம் இருக்கு, பலமா இருக்கு. குழாய்ப் பக்கம்தான் இடிக்குது. மூணரை வருஷத்துல ஒரு தடவையாவது எழுத்துல புகார் குடுத்தீங்களா?”

“வாயால சொன்னேன் மேடம்.”

“போட்டோ?”

“கறைய யாராவது போட்டோ எடுப்பாங்களா? அடிச்சு முடிச்சப்புறம் எடுத்தது நிறைய இருக்கு.”

வக்கீலம்மா இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். “இன்னிலேருந்து அந்தச் சுவரத் தொடாதீங்க. கறை வரட்டும். தினமும் போட்டோ எடுங்க. பிரஷ்ஷோட அந்த ரூம் பக்கம் போனீங்கன்னு கேள்விப்பட்டா, நான் கேஸ விட்டுடுவேன்.”

மனுவைக் கொடுக்க வாடகை விசாரணை அலுவலகத்துக்குப் போனார்கள். பெயிண்டர் அங்கே சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். “நான் அடிச்சது மேடம். பாருங்க, ஒரு உரிசல் இல்ல.” வக்கீலம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஐந்து வாரம் பெயிண்டர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! கறை கைக்குட்டை அளவு வந்தது, அப்புறம் போர்வை அளவு வந்தது. கை பரபரத்தது. தாங்காமல் வெளி கேட்டை அடித்தார், எதிர்வீட்டுத் தபால்பெட்டியை அடித்தார், அக்கா வீட்டுக் கோழிக்கூண்டைக்கூட அடித்து வைத்தார். வேலை பேச வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிடப்போகிறாரே என்று படுக்கையறை வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி பேசினார். அங்கே அக்கா வீட்டில் மனைவிக்கு இருமல் நாளுக்கு நாள் குறைந்தது. சாயங்காலம் போய்ப் பார்க்கும்போது, “இன்னிக்கு மாடிப்படி ஏறிட்டேங்க, நிக்காம” என்பாள். திரும்பி வந்து வெறும் வீட்டைத் திறக்கும்போது அவருக்கு அழுகை முட்டும். வழக்குத் தோற்றால் இந்த வீடும் இல்லை. அடுத்த வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

விசாரணை அதிகாரி நேரில் பார்க்க வந்தார். தடித்த கண்ணாடி, சிரித்தறியாத முகம். வீட்டுச் சொந்தக்காரர் பணிவாகக் கைகட்டி நின்றார்.

“போன மாசம்தான் சார் லேசா கசிஞ்சுது. இவங்க ஜன்னலையே திறக்கிறதில்ல, அதான் இப்படி. அந்தம்மாவோட நோய் ஒன்றரை வருஷமா இருக்காம், அதுக்கும் என் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? இவரோட போட்டோவையே பாருங்களேன், சுவரு பளபளன்னு இருக்கு.”

அதிகாரி போட்டோக்களைப் பார்த்தார். பெயிண்டரே எடுத்த போட்டோக்கள். “பழைய கசிவுன்னு காட்ட ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார். வக்கீலம்மா பெயிண்டரைத் திரும்பிப் பார்த்தார். பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். சாட்சியை ஏழு தடவை தன் கையாலேயே மூடியிருக்கிறார். பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு இரண்டு கோட்டாக.

மூடித்தானே இருக்கிறோம், அழிக்கவில்லையே என்று அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

“ஐயா, ஒரு சாண் இடம். சுரண்டிக்கட்டுமா?”

அதிகாரி தலையசைத்தார். பெயிண்டர் எல்லோரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, முகமூடி கட்டிக்கொண்டு, ஈரம் தொட்ட உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். அடித்தவருக்குத்தான் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியும். கால்மணி நேரத்தில் சுவரில் வட்டத்துக்குள் வட்டமாக நிறங்கள் விரிந்தன. வெளியே சந்தனம், அப்புறம் ரோஸ், அப்புறம் வான நீலம், எலுமிச்சை மஞ்சள், பச்சை, பழுப்பு, நடுவில் வெள்ளை. ஒவ்வொரு நிறத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே மைக்கோடு இழுத்தது மாதிரி கறுப்பாகப் பூஞ்சணம்.

“ஏழு தடவை ஐயா. ரோஸ் அழகுநிலையத்துல மிஞ்சினது. நீலம் பள்ளிக்கூடத்துது. டப்பா மூடியெல்லாம் பரண்ல இருக்கு, தேதியோட—”

அதிகாரி அதைக் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் வந்து விரலை நீட்டினார். “இந்தப் பச்சை... இது எங்க ஆபீஸ் பச்சை.”

“ஆமாங்கையா.”

“இத அடிச்சப்ப ஒன்பது நாள் ஃபைலெல்லாம் வச்சுக்கிட்டு வராந்தாவுல உக்காந்திருந்தேன். ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆச்சு. தினமும் அந்தச் சுவரப் பாத்துக்கிட்டுதான் வேலை செய்யறேன்.” அவர் குரல் நடுங்கியது. “அந்தக் கண்றாவிக் கலர யாருய்யா தேர்ந்தெடுத்தது?”

“நீங்கதான் ஐயா கையெழுத்துப் போட்டீங்க.”

வக்கீலம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி இருமிச் சமாளித்துவிட்டு, பச்சைக்கு அடியில் இருந்த கறுப்பையும், பழுப்புக்கு அடியில் இருந்த கறுப்பையும் தொட்டுக் காட்டினார். “சார், இந்தக் கறுப்பு ரெண்டும் என் பச்சைக்கு முந்தினது. போன மாசம்னு சொன்னீங்களே?” சொந்தக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

உத்தரவு அந்த வாரமே வந்தது. குழாய் மாற்ற வேண்டும், பூச்சு முழுவதையும் உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும், எல்லாம் சொந்தக்காரர் பொறுப்பு, காலி பண்ணச் சொல்லக்கூடாது. சொன்னபடி ஒரு சாயங்காலம் ஆளும் வந்தது. புதுப்பூச்சு நன்றாகக் காய்கிறவரை பெயிண்டர் தினமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு துளி பெயிண்ட் அடிக்கவில்லை. வெறும் சாம்பல் நிறச் சுவர். டாக்டரைக் கேட்டு, அவர் சரி என்றபிறகுதான் மனைவியைக் கூட்டிவந்தார். அவள் அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்து, “இதான் நம்ம வீட்டுச் சுவரா? இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் முகத்தப் பாக்குறேன்” என்றாள்.

அன்றைக்குத்தான் டாக்டர் லைசென்ஸ் வாங்கியிருந்தார். நோயாளியையும் பார்த்துவிட்டு, வாத்தியாரம்மாவுக்கும் காட்டிவிட்டுப் போகலாம் என்று தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவில் அழகாகத் திரும்பினார். அழகாக இண்டிகேட்டர் போட்டார். அழகாக வந்து, பெயிண்டர் புதிதாக அடித்திருந்த கேட்டின் மேல் இடித்து நிறுத்தினார்.

பெயிண்டர் ஓடிப்போய்ப் பார்த்தார். கேட்டு உள்பக்கம் குழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் காருக்குள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பெயிண்டர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். “பரவால்ல டாக்டர், ரெண்டு கோட்டு அடிச்சா—” என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

படுக்கையறை ஜன்னலிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முதலில் சின்னதாக, அப்புறம் வயிற்றிலிருந்து, அப்புறம் எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கிற அளவுக்கு. டாக்டர் கார்க் கண்ணாடியை இறக்கி, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்தார். பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தார். இதோ இப்போது வரும், இப்போது வரும்.

வரவில்லை. சிரிப்பு முடிந்து, அவள் ஆழமாக ஒரு மூச்சை இழுத்து, மறுபடி கேட்டைப் பார்த்து மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். பெயிண்டர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் சொல்ல வந்தார்கள்.