பாதி அமெரிக்கா

கொலோனில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் மக்டலீன் குடும்பம், அதற்குக் கீழே நான். மேலே நடப்பதை நான் ஒட்டுக்கேட்பதில்லை. இந்த நாட்டுத் தளங்கள் மெல்லியவை, சத்தம் தானாகவே இறங்கி வரும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இறங்கி வந்தது அமெரிக்காவின் சரித்திரம். மகள் லவினியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ரெஃபராட். வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். பிள்ளை குசினிக்குள் ஜெர்மனில் சொல்லிப் பழக, தாய் ரொட்டி தட்டியபடி, "தமிழில சொல்லடி" என்பாள். பிள்ளை சொல்லும்: அமெரிக்கப் பெண்கள் சாராயக்கடை வாசல்களில் முழங்காலில் நின்று செபித்தார்கள். பிறகு ஊர்வலம் போனார்கள், அரசியல்வாதிகளை உலுக்கினார்கள். 1920இல் நாடு முழுக்கச் சாராயம் நின்றது. அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தது.

மக்டலீனுக்கு வேறென்ன வேண்டும்? கணவர் ஜேசுரட்ணம் அண்ணை பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வான் சாரதி. நல்ல மனிதர், பின்னேரம் வரைக்கும். அவருடைய குடியை நிறுத்த அவள் வைக்காத நேர்த்தி இல்லை.

தமிழ்ப் பூசை முடிந்து, கொண்டாட்டம் என்றால் ஆண்கள் குடிக்கும் அதே மண்டபத்தில் எங்கள் சங்கக் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்றாள்.

"அமெரிக்காவையே நிப்பாட்டினவை பொம்பிளையள். இந்த மண்டபத்தை நிப்பாட்ட எங்களுக்கு ஏலாதோ?"

"அக்கா, தண்ணியில்லாட்டி கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு மூண்டு ராசாக்களும் வரமாட்டினம்" என்றான் தலைவர் டக்ளஸ்.

"வராட்டி பரவாயில்லை. சாம்பிராணியைத் தபால்ல அனுப்பட்டும்."

ஆண்களில் பாதிப் பேர் வெளியே புகைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் கை தூக்கினோம், வென்றோம்.

சில நாள் கழித்துப் படிக்கட்டில் லவினியாவை மறித்தேன். "பிறகு அமெரிக்காவில என்ன நடந்தது, பிள்ளை?"

"களவாக் குடிச்சவை, அன்ரி. கள்ளச்சாராயம் வித்தவை பணக்காரர் ஆகிட்டினம். கடைசியில சட்டத்தையே எடுத்துப்போட்டாங்கள்."

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"அது என்ர பகுதி இல்லை. ரெண்டு பேர் சேந்து செய்த ரெஃபராட். மிச்சம் மற்றப் பிள்ளை பேசினது. அம்மா கேக்கவும் இல்லை."

பாதிச் சரித்திரத்தை நம்பி ஒரு மண்டபத்தில் சாராயத்தையே நிறுத்திவிட்டாள் எங்கள் மக்டலீன்.

ஆண்களின் கொண்டாட்டம் டக்ளஸ் வீட்டு நிலவறைக்கு மாறியது. எல்லோருக்கும் இடம் இருந்தது, ஜேசுரட்ணத்தைத் தவிர. "உங்கட மனுசி மணந்து பிடிச்சிடுவா, அண்ணை. நீங்கள் வராதேங்கோ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களாம். முன்பெல்லாம் மண்டபத்தில் குடித்தால் யாராவது கார்த் திறப்பைப் பறித்து, வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இப்போது மனிதர் ரைன் பாலத்தின் கீழே காரை நிறுத்திவிட்டு, அதற்குள் தனியே குடித்தார். மாசி மாதம் அப்படியே ஓட்டிவந்து டிராம் தரிப்பிடக் கம்பத்தில் மோதினார். வேறு யாருக்கும் காயமில்லை. லைசன்ஸ் போனது, வேலை போனது. அதன் பிறகு காலையிலேயே தொடங்கிவிடுவார்.

அடுத்த கூட்டத்தில் தடையை எடுப்போமா என்று டக்ளஸ் கேட்டான். எல்லோரும் மக்டலீனைப் பார்த்தார்கள். முதல் கை அவளுடையது.

"குடிக்கிறவர் இஞ்சயே குடிக்கட்டும். நாலு பேர் பாத்துக்கொண்டாவது இருப்பினம்."

ஆனால் ஜேசுரட்ணம் மண்டபத்துக்கு வரவில்லை. டக்ளஸ் போய்க் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் குப்பைப் பையோடு படிக்கட்டில் நின்றேன். பை பாதிகூட நிரம்பவில்லை, அது வேறு கதை. கீழிருந்து மக்டலீன் வந்தாள். கையில் ஒரு பெட்டி பியர். படிக்குப் படி இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

"ஆரும் விருந்தாளியோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, யோகமக்கா. இது வீட்டில இருந்தால் றோட்டுக்கு இறங்கமாட்டார்."

பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வாசலில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா வையுங்கோ. இப்பதான் கண்ணயர்ந்தவர்."

போத்தல்கள் கிலுங்காமல் இறக்கிவைத்தோம்.