ஞான சதுக்கத்தில் உளுந்து

உளுந்துச் செடியைப் பிடுங்கிக் குவித்த கையோடு தெற்கே மேகம் கட்டியது. சித்திரை மாதத்து மேகம் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. தங்குமா, கிளம்புமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெயப்பிரியா வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒன்றரை ஏக்கர் உளுந்து. காய்ந்த நெற்று ஒரு மழையில் நனைந்தால் போதும், உள்ளேயே முளைவிட்டுப் பூசணம் பூத்துவிடும். அப்புறம் மாடுகூட யோசித்துத்தான் தின்னும். உடனே அடித்தாக வேண்டும். அடிக்கக் களம் வேண்டும். சிற்றேரிப்பாக்கத்தின் களமோ இப்போது களமாக இல்லை. ஞான சதுக்கமாக உயர்ந்துவிட்டது.

உயர்த்தியவர் கல்விக் கதிரவன், முனைவர் வேதகிரி. உத்திரமேரூருக்குத் தெற்கே, சிற்றேரிப்பாக்கத்துக்கு எதிரிலேயே, தன் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் கட்டி அதற்குத் தானே வேந்தராக இருப்பவர். முனைவர் பட்டத்தையும் அந்தப் பல்கலைக்கழகமே கொடுத்தது. அதற்காக வெளியாட்களைச் சிரமப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை.

போன வருடம் பல்கலைக்கழகம் ஊரைத் தத்தெடுத்தது. ஆத்தாளும் அப்பனும் உயிரோடு இருக்கிற ஊரை எப்படித் தத்தெடுப்பீர்கள் என்று கிராம சபையில் சின்னராசு எழுந்து கேட்டார். அவருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிறகு மேம்பாடு ஆரம்பித்தது. சுவர்களுக்கெல்லாம் ஒரே மஞ்சள் அடித்தார்கள். பெரிய தெருவுக்குத் 'தூய்மை வீதி' என்று பலகை நட்டார்கள். குப்பை வண்டி மட்டும் நினைத்துக்கொண்டால் வந்தது. கடைசியாகக் களத்துக்கு வந்தார்கள். சாணம் மெழுகிய தரையைக் கொத்தி எடுத்துவிட்டுக் கறுப்புக் கிரானைட் பதித்தார்கள். ஓரத்தில் எவர்சில்வர் பெஞ்சுகள். நடுவில் தண்ணீர் இல்லாத நீரூற்று. அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் திறந்து வைத்த சிமெண்ட் புத்தகம் ஒன்று. அதில் ஓர் எழுத்தும் இல்லை.

எழுத்தெல்லாம் வாசலில் நட்ட கல்லில் இருந்தது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளை வேந்தர் ஒருநாள் போய்ப் பார்த்திருக்கிறார். ஆயிரம் வருடமாக நிற்கிறது என்றார்கள். தனக்கும் அதே மாதிரி ஒன்று, அதே நடையில் வேண்டும் என்று தமிழ்த்துறைத் தலைவருக்கு உத்தரவு போனது. முப்பது வருடமாக யாரும் எதுவும் கேட்காத துறை அது. மனிதர் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். தை மாதத் திறப்பு விழாவில் அதை அவரே மைக்கில் ஏற்ற இறக்கத்தோடு படித்தார்:

"ஸ்வஸ்திஸ்ரீ. வேதகிரி வேந்தர் இக்களத்தைச் சதுக்கமாகச் செய்வித்து இவ்வூரார்க்கே கொடுத்தார். சந்திர சூரியர் உள்ளவரை இவ்வூரார் வேண்டியபடி ஆண்டு அனுபவிப்பாராக. இதற்குத் தடை செய்தாரும் இக்கல்லைப் பெயர்த்தாரும் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவார்."

வேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கி, "என் வம்சத்தில் எவன் தடுத்தாலும் அந்தப் பாவம் அவனுக்கே போகட்டும்" என்று தன் பங்குக்கும் சேர்த்துவிட்டார். ஊர் கை தட்டியது. மறுநாள் காலையில் வாசலில் சங்கிலி தொங்கியது. பக்கத்தில் ஒரு பலகை: அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்.

களத்து மூலையில் நாஷ்டா கடை வைத்திருந்த சபுராவையும் அன்றே கிளப்பினார்கள். உத்திரமேரூர் பஜாரிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் அடுக்குச் சட்டியோடு வருகிறவள். அவளுடைய கடை கண்ணுக்கு மாசு என்று கடிதம் கொடுத்தார்கள். அவள் சாலைக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடிக்குத் தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டாள். அவளைக் கிளப்பின அதிகாரிகள் அங்கே வந்து அதே சமோசாவைத் தின்றார்கள்.

உளுந்தை ரோட்டில் போடலாமே என்று கேட்கலாம். சதுக்கம் கட்டின காலத்தில் நெல்லை அப்படித்தான் காயப்போட்டார்கள். ஒரு மாணவன் பைக் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வருகிறவரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஜெயப்பிரியாதான். இனிமேல் ரோடு வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

அதனால் முறைப்படி போய்க் கேட்டாள். பல்கலைக்கழகத்தில் சுற்றுப்புற மேம்பாட்டு இயக்குநர் என்று பாண்டுரங்கன் இருந்தார். ஏசி அறையில் அவளை உட்காரவைத்து, சுவரில் படம் ஓட்டிக் காட்டினார். படத்தில் ஊர் பச்சையாக இருந்தது. ஊரார் யாரும் இல்லை. அடுத்த கட்டத்தில் நவீன உலர்த்தும் மையம் வரும் என்றார். எப்போது என்றதற்கு, அடுத்த கட்டத்தில் என்றார். நாளை மறுநாள் தரச்சான்றுக் குழு வேறு வருகிறது, தூசி தும்பு கூடாது என்றார். அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தீர்ப்பையும் சொன்னார்.

"இது ஞானத்துக்கான வெளி அம்மா. உளுந்துக்கான வெளி அல்ல."

"ஞானம் காய எவ்ளோ நாளு ஆவும் சார்? உளுந்துக்கு ஒரு நாளு போதும்."

அவர் அதைக் கோரிக்கையாகக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றபோது அவளுக்குக் கண் எரிந்தது. அழுகை இல்லை, ஏசியிலிருந்து வெயிலுக்கு வந்தது, கூடக் கொஞ்சம் கோபம். நடந்ததைச் சொன்னாள். சபுரா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஜெயா, அது இன்னா அந்தாளு வூட்டு ஹாலா? ஊருக்கே குட்த்துட்டேன்னு மைக்ல சொன்னாரு. கல்லுல வேற வெட்டி வச்சிக்கீறாரு. உன் வூட்டுக்குள்ள போறதுக்கு நீ இன்னாத்துக்குப் போயி பர்மிசன் கேட்டுக்கினு கீற?"

ஜெயப்பிரியா சாலைக்கு அந்தப்பக்கம் பார்த்தாள். கல்லில் வேந்தரின் பெயர் எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக, தங்க வண்ணத்தில் மின்னியது. பெயருக்குக் கீழே இருப்பதை விழாவுக்குப் பிறகு யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவளும்தான் பார்க்கவில்லை. கேட்கப் போனதே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

நேராகச் சின்னராசு வீட்டுக்குப் போனாள். டிராக்டர் அவருடையது. பக்கத்து நிலத்துக்காரர், அவளுக்கு மாமா முறை. கிராம சபையில் எழுந்து கேட்டவர், இப்போது உட்கார்ந்தே பேசினார். மகன் பல்கலைக்கழகத்துப் பஸ் ஓட்டுகிறான், கேஸ் கீஸ் என்று வந்தால் பேஜார் என்றார். பிஸ்கட் இன்னும் கரையவில்லை போலிருக்கிறது என்று அவள் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"டிராக்டரு பின்னாடி வரட்டும் மாமா. முன்னாடி நான் நடக்குறேன். எவன் கேட்டாலும் என்னயத்தான் கேப்பான்."

மறுநாள் வெயில் ஏறுமுன் டிராக்டர் சதுக்கத்து வாசலில் நின்றது. பின்னால் சிட்டம்மாளும் தாயாரம்மாளும் தங்கள் உளுந்துக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சபுராவின் வண்டியில் சொன்னது எதுவும் அங்கேயே தங்கினதில்லை.

காவலுக்கு இருந்தவன் டேனியல், பக்கத்து ஊர்க்காரன். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனக்கு ஆர்டர் இருக்கிறது என்றான். ஜெயப்பிரியா கல்லைக் காட்டினாள். ஆர்டரில் யார் கையெழுத்து, கல்லில் யார் பெயர் என்று கேட்டாள். அவன் கல்லையும் டிராக்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்காளுங்களுக்கு இந்தப் பசு மாட்டுச் சாபமெல்லாம் செல்லாதுக்கா. ஆனா நைட்டு டூட்டில இந்தக் கல்லுகூடத் தனியா படுத்துக்கினு கீறவன் நான்" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கீழே விட்டான்.

களத்துக்கு இப்படி ஒரு தரை ஊர் கண்டதில்லை. மண் ஒட்டவில்லை, கல் கலக்கவில்லை. பரப்பின ஒரு மணி நேரத்தில் கறுப்புக் கிரானைட் தோசைக்கல்லாகச் சுட்டது. டிராக்டர் வட்டம் அடிக்க, நெற்று படபடவென்று வெடித்தது. சிட்டம்மாள் தன் கட்டைச் சிமெண்ட் புத்தகத்தின் மேல் ஓங்கி அடித்து உதிர்த்தாள். அந்தப் புத்தகத்தை ஒருவர் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. வகுப்புக்குப் போன பிள்ளைகள் சிலர் பையை வைத்துவிட்டு முறத்தை வாங்கித் தூற்றிப் பார்த்தார்கள். தூசி அவர்கள் மேலேயே விழுந்தது, சிரித்தார்கள்.

பாண்டுரங்கன் ஓடிவந்தார். ஆரம்பத்தில் அத்துமீறல், பொதுச்சொத்து, பின்விளைவு என்று அச்சுத் தமிழில்தான் பேசினார். பொதுச்சொத்து என்பதை மட்டும் ஜெயப்பிரியா ஒப்புக்கொண்டாள். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிட்டால் கல்லைச் சத்தமாகப் படித்துக் காட்டுவோம் என்றாள் தாயாரம்மாள். அவர் தள்ளிப்போய் வேந்தருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இந்தப் பக்கம் அச்சு கழன்றுவிட்டது. "அய்யோ, நான் இன்னா சார் பண்றது, கல்லுல அப்டித்தான் போட்டுக்கீது சார்" என்றது சாலை வரைக்கும் கேட்டது.

முதலில் கல்லைப் பிடுங்கு என்று உத்தரவு. கட்டட வேலையிலிருந்து ஒருவன் கடப்பாரையோடு வந்தான். வந்தவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். முடித்துவிட்டுக் கடப்பாரையை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"வூட்டுல பசு நெறமாசமா கீது சார். வேற எவனயாவது பாருங்க."

வேறு எவனும் கிடைக்கவில்லை. பதினோரு மணி வாக்கில் வேந்தரே வந்தார். கார் கதவைத் திறக்க ஒருவர், குடை பிடிக்க ஒருவர். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அது வரைக்கும் ஊருக்கு நல்லதுதான். அவர் ஊரின் நன்றிகெட்டதனத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கிரானைட் எந்த ஊர், என்ன தரம் என்று பேசினார். டிராக்டர் அதற்கெல்லாம் நிற்காமல் சுற்றியது. சின்னராசு ஓட்டுகிற இடத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டு சுற்றினார்.

ஜெயப்பிரியா கடப்பாரையை எடுத்து வந்து வேந்தர்முன் நீட்டினாள்.

"ஆளுங்க பயப்படறாங்க சார். உங்க பேரு, உங்க கல்லு. நீங்களே பேத்துடுங்க. நாங்க வாரிக்கினு போயிடறோம்."

அவர் கை நீளவில்லை. கல்லைப் பார்த்தார். மேலே தன் பெயர். கீழே பசு. நடுவே, மைக்கில் அன்று தானே சேர்த்துவிட்ட வம்சம். அது கல்லில் இல்லைதான், ஆனால் எதிரே நிற்கிற அத்தனை பேர் காதிலும் இருந்தது. சாபத்துக்குப் பயந்தாரா, பெயரைப் பிடுங்க மனம் வரவில்லையா என்பது அவருக்கே வெளிச்சம். மெதுவாக முகத்தை மலர்த்திக்கொண்டார்.

"வேதகிரி கொடுத்த வாக்கை மீறியதாகச் சரித்திரம் இல்லை" என்றார், இல்லாத மைக்கைப் பார்த்து.

சபுரா மட்டும் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டினாள். அவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

பொழுது சாயும்போது உளுந்து குவியலாகிவிட்டது, மேகமும் குவியலாகிவிட்டது. மூடத் தார்ப்பாய் பற்றவில்லை. தரச்சான்றுக் குழுவை வரவேற்க வாசலில் கட்டியிருந்த நாற்பதடி ஃபிளெக்ஸை டேனியலே அவிழ்த்துக் கொண்டுவந்தான். விரித்தபோது வேந்தரின் கூப்பிய கையும் சிரித்த முகமும் குவியலை முழுசாக மூடின. மழை பெய்தால் பெய்யட்டும். அவர் முதன்முதலாக ஒரு விவசாயியை மேம்படுத்திக்கொண்டிருந்தார்.

சபுரா தள்ளுவண்டியைச் சாலை தாண்டித் தள்ளிவந்து பழைய மூலையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள். தூரத்தில் நின்றிருந்த பாண்டுரங்கன் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். கிட்டே வந்து, எப்போது காலி செய்வீர்கள் என்று மட்டும் ஜெயப்பிரியாவைக் கேட்டார். குரலில் இயக்குநர் இல்லை. வேலை போய்விடுமோ என்கிற மனிதர் இருந்தார். அவளுக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"உளுந்தக் காலைல அள்ளிடுவோம் சார். அப்பால நெல்லு வரும், வேர்க்கடலை வரும்."

"அதுக்கப்புறம்?"

அவள் வாசலுக்குப் போனாள். கல் முழுக்க உளுந்துத் தூசி படிந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. முந்தானையால் கீழ்ப் பாதியைத் துடைத்தாள். 'சந்திர சூரியர் உள்ளவரை' என்பது பளிச்சென்று வந்தது. பசு வரைக்கும் துடைத்தாள். மேலே பெயர் இருந்த இடத்தைத் தொடவில்லை. அதை மழை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அட்டை உள்ளவர்கள் மட்டும் உட்காரக்கூடிய பெஞ்சில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள்.