செத்தவன் பக்கத்துக் கையெழுத்து

பர்மாவில் 2010 தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தபோது சைதா, தாகேதாவில் அமிர்தநாதன் வீட்டுக்கு வந்தாள். அவர் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தாருக்கு மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்; எல்லாரும் அவரை மரியாதையாக ‘சயா’ என்று கூப்பிட்டார்கள்.

“சயா, ஒரு மனு வேணும். எங்க வூட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு இல்ல. அத நாலு தடவ கேட்டாச்சு. தூக்கே இருக்கக் கூடாதுன்னு சட்டம் போடச் சொல்லணும். புதுசா பார்லிமென்ட் வரப் போவுதே.”

அவள் கணவர் பர்கத்துல்லா ஒன்பது வருடமாகத் தூக்குக் கைதி. படகுத்துறையில் யார் முதலில் சரக்கு ஏற்றுவது என்ற சண்டையில் கோ ஏ மாவுங் என்ற படகுக்காரரை அடித்துக் கொன்றவர். சண்டை ஓய்ந்த பிறகு வீட்டுக்குப் போய் இரும்புக் கம்பியோடு திரும்பி வந்ததால், திட்டமிட்ட கொலை என்று தீர்ப்பாகிவிட்டது.

“யாரையும் தூக்குல போட்டு இருபது வருசத்துக்கு மேல ஆச்சும்மா. இனிமேயும் போட மாட்டாங்க” என்றார் அமிர்தநாதன்.

“போட மாட்டாங்கன்னா எதுக்கு சயா எழுதி வச்சிருக்காக? நேரங்கெட்ட நேரத்துல பூட்டு தொறக்குற சத்தம் கேட்டா அவுகளுக்கு லுங்கியோட போயிருது. போன மாசம் பாத்தப்ப சொல்லி அழுதாக.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்தத் தீர்ப்ப அடிச்சது நீங்கதான். கோர்ட்டுல பாத்தேன். வாசகம் உங்களுக்குத் தெரியும்ல, அதான் வந்தேன்.”

தெரியும். அப்படிப்பட்ட தீர்ப்புகள் ஏழு அவர் அடித்திருந்தார். கழுத்தில் கயிறு மாட்டி உயிர் போகும்வரை தொங்கவிட வேண்டும் என்ற அந்தப் பர்மிய வரியை அடிக்கும்போது ஒருமுறைகூட எழுத்துப்பிழை வந்ததில்லை. அன்று பிற்பகல் மனுவை அடிக்க உட்கார்ந்தவர் மூன்று தாளைக் கிழித்துப் போட்டார்.

சிறை வாசலில் பார்வையாளர் வரிசையில் நின்ற பெண்களிடம் சைதா பதினொரு கையெழுத்து வாங்கினாள். பிறகு நான்கு பேர் பயந்துபோய்த் தேடி வந்து தங்கள் பெயரை நீக்கச் சொன்னார்கள். மிச்சம் ஏழு. இருவரும் அதை ஊ சான் லின்னிடம் கொண்டுபோனார்கள். அவர் ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளர், முன்னாள் பள்ளி ஆசிரியர். மனுவை இரண்டு முறை படித்தார்.

“எல்லாமே கைதிகளின் வீட்டுப் பெண்கள். செத்தவன் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கையெழுத்து கொண்டுவாருங்கள். ஜெயித்தால் நான் சபையில் பேசுகிறேன்” என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமிர்தநாதன் அவளோடு படகேறினார். அக்கரையிலிருந்து பஸ்ஸில் த்வாண்டே ஊருக்குப் போனார்கள். கோ ஏ மாவுங்கின் மனைவி மா சான் யீ அங்கே ஒரு பானைச் சூளையில் வேலை செய்தாள். முழங்கை வரை களிமண்ணோடு வந்து, வந்தவர்கள் யாரென்று தெரியாமலே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். சைதா பர்மிய மொழியில் தன்னை யாரென்று சொன்னாள். மனுவை நீட்டினாள்.

மா சான் யீ தாளை வாங்கவில்லை.

“உன் புருஷன் உயிரோடா இருக்கிறான்?”

சைதா ஆமாம் என்று தலையசைத்தாள்.

“தீர்ப்பு சொன்ன வருஷமே முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அவன் செத்துவிட்டான் என்று என் மகளிடம் சொல்லித்தான் அவளைத் தூங்க வைத்தேன்.” அவள் குரல் உயரவில்லை. “இப்போது அவளிடம் என்ன சொல்வேன்?”

“தப்புத்தான். அவர் செய்தது தப்பு. நான் இல்லை என்று சொல்லவில்லை” என்றாள் சைதா.

“எனக்கு அவன் சாக வேண்டும் என்றும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் போய்விடுங்கள்.”

திரும்பும் படகில் சைதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நா வராம இருந்திருக்கணும் சயா. ஆறியிருந்தத கீறி விட்டுட்டேன்.”

அமிர்தநாதன் அவள் மடியிலிருந்த தாளை எடுத்தார். எட்டாவதாகத் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘தீர்ப்புகளை டைப் அடித்தவர்’ என்று சேர்த்தார். ராணுவ ஆட்சியில், ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர் ஒருவர் அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.

அந்தத் தாளை ஊ சான் லின் வாங்கிக்கொண்டார். தேர்தலில் தோற்றார். டிசம்பரில் வார்டு ஆபீஸிலிருந்து அமிர்தநாதனுக்கு ஆள் வந்தது. இரண்டு நாள் வெறும் பெஞ்சில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, டைப்ரைட்டரை எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். சட்டம் அப்படியே இருந்தது.

அடுத்த பார்வை நாளில் சைதா எல்லாவற்றையும் கம்பிவலைக்கு வெளியே நின்று சொன்னாள்.

“அந்தப் புள்ளைக்கு இப்ப என்ன வயசாவுது?” என்று பர்கத்துல்லா கேட்டார்.

“கேஸ் நடந்தப்ப அஞ்சு. இப்ப பதினாலு.”

வார்டர் நேரம் முடிந்தது என்றார். பர்கத்துல்லா எழுந்து, அவளைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.