கிராம சபையில் சிரித்த சீனிவாசலு

சீனிவாசலு வாய்விட்டுச் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. சிடுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள், தங்கமான மனுசன். சிரிப்பு வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார், அவ்வளவுதான். சின்ன வயசில் குடித்த போர் தண்ணீரில் ஃபுளோரைடு மிதமிஞ்சிக் கிடந்து, பல்லெல்லாம் காவி அடித்த மாதிரி ஆகிப்போச்சு. கல்யாண போட்டோவில்கூட உம்மென்றுதான் நிற்கிறார். "பொண்ணப் புடிக்கலையோன்னு எங்கப்பன் அன்னிக்கு அழுதே போட்டாரு" என்று பத்மாவதி இன்றைக்கும் புருசனை இடித்துக்காட்டுவாள்.

மருமகள் ஹாரிகா அரசாங்கப் பல் டாக்டர். அவள்மேல் மாமனாருக்கு அப்படியொரு உசிர். ஆனால் தண்ணீர் விசயத்தில் மட்டும் ஒரே பிடிவாதம். பேத்தி ஷ்ரவ்யாவுக்கும் காவிப்பல் வந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவ.

"இப்ப அந்தப் பழைய தண்ணி இல்லீங் மாமா. ஆத்துத் தண்ணியும் போர் தண்ணியும் கலந்து, டெஸ்ட் பண்ணித்தான் உடறாங்க. ஃபுளோரைடு மிஞ்சுனாத்தானுங்க கறை. அளவா இருந்தாப் பல்லுக்குப் பலம். கொழம்புக்கு உப்பு போடறோமில்லீங்களா?"

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அம்மணி" என்பார். மறுநாளும் கேன் வந்து இறங்கும். அவளும் மல்லுக்கட்டவில்லை.

போன மாசம் ஷ்ரவ்யாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. சோறு மெல்ல முடியாமல் குழந்தை அழுதபோது தாத்தாவும் கூட அழுதார். தேன்மிட்டாய் வாங்கித் தந்ததும் அவர்தானே!

இந்த நேரம் பார்த்துக் கிராம சபை கூடியது. கலந்த தண்ணீர் வேண்டாம், ஊருக்கே கேன் தண்ணீர் மாதிரி சுத்திகரித்துக் கொடுங்கள் என்று தீர்மானம் போடப் பார்த்தார்கள். அப்படிச் சுத்திகரித்தால் இருக்கிற கொஞ்சம் ஃபுளோரைடும் போய்விடும், பிள்ளைகள் பல்லுக்கு நல்லதில்லை என்று ஹாரிகா மைக்கில் எடுத்துச் சொன்னாள்.

தையல் கடை இளவேனில் எழுந்தாள். "ஏனுங் டாக்டரம்மா, உங்கூட்லயே கேன் தண்ணிதானுங்களே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அது மாமாவின் வேலை என்று ஹாரிகா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்து நின்றாள்.

சீனிவாசலு சட்டென்று எழுந்தார். அட கிறுக்கா, தங்கமான புள்ளையைச் சபையில தலைகுனிய வெச்சுட்டியே என்று தன்னையே வைதுகொண்டார். விறுவிறுவென்று குழாயடிக்குப் போய், ஒரு சொம்பு பிடித்துக் கடகடவென்று குடித்தார். தோள் துண்டைப் பத்மாவதியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் வந்து ஈ என்று பல்லைக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கங்க. இது ஃபுளோரைடு மிஞ்சுன பல்லு. என்ற பேத்திக்கு மிட்டாயும் குடுத்து, ஒண்ணுமில்லாத தண்ணியுங் குடுத்துச் சொத்தையாக்கிப்போட்டேன். கேன் வாங்குனது நானுங்க, டாக்டரம்மா இல்லீங்க. நடுவால இருக்கற சரியான அளவத்தான் அவ சொல்றா. எங்கூட்ல இனிக் குழாய்த் தண்ணிதானுங்க!"

"அப்படீன்னா நாங்களுங் குடிச்சுப் பாக்கறமுங்க" என்றாள் இளவேனில். தீர்மானம் நின்றுபோனது. ஹாரிகா ஓடிவந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் துண்டுக்குக் கை நீட்டினார்.

பத்மாவதி துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க, இன்னுங் கொஞ்சம் சிரிங்க. எங்கப்பன்தான் இதப் பாக்காமப் போயிட்டாரு."