நாற்பத்திரண்டாவது வீடு

"எத்தனை வருஷத்துக்கும்மா இந்தத் திட்டம்?" என்று முதல் நாள் கிராடுஸ் கேட்டார்.

"நூறு வருஷத்துக்கு, ஐயா."

"அப்போ அவசரமே இல்ல. உட்காரு, காபி குடிப்போம்."

ஆறு வருடத்துக்கு முந்தைய பேச்சு. நகராட்சிப் பொறியாளராக நான் வரைந்த கோடு கிராடுஸ் தம்பதியின் வீட்டின் மேல் போனது. ஜெர்மனியில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் ரைன் ஆறு எல்லை தாண்டி எங்கள் ஊரில் வந்து முட்டும். மழையோ வருடத்துக்கு வருடம் மூர்க்கமாகிக்கொண்டிருக்கிறது. கரையை உயர்த்தி உயர்த்தி அலுத்துப்போய், ஆற்றுக்கே இடம் விட்டுவிடுவது என்று முடிவானது. கரை முந்நூறு மீட்டர் உள்ளே நகரும்; நடுவில் இருக்கும் நாற்பத்திரண்டு வீடுகள் போகும். எங்கள் வழக்கத்தில் எடுத்த எடுப்பில் உத்தரவு போவதில்லை. ஒவ்வொரு வீட்டுச் சமையலறை மேசையிலும் உட்கார்ந்து பேச வேண்டும். நாற்பத்தொரு வீட்டார் திட்டினார்கள், அழுதார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த வீட்டில் மட்டும் காபி. கோப்பைக்கு ஒரு பிஸ்கட்; நான் எடுத்ததும் அவர் மனைவி ட்ரூஸ் தகர டப்பாவை டப்பென்று மூடிவிடுவார். "பால் விடவா?" என்பதைத் தவிர அந்த அம்மாள் என்னிடம் பேசியதே இல்லை. ஜன்னல் வழியே தோட்டத்துப் பேரிக்காய் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று கடைசி முறை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். இவர்களை நீதிபதி முன் நிறுத்த எனக்கு மனமில்லை. அதனால் ஒரு நல்ல செய்தியோடு வந்திருந்தேன்.

"மரத்தை வேரோட எடுத்து உங்க புது வீட்டுல நட்டுத் தர்றோம் ஐயா. மெஷினுக்கு அனுமதி வாங்கிட்டேன்."

கிராடுஸ் சிரித்தார். "காய் ஒவ்வொண்ணும் கல்லு. காக்கா கூடத் தொடாது. அதையா தூக்கப்போறே?"

மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்னாச்சு, ட்ரூஸ்?" என்றார்.

நான் பிஸ்கட் எடுத்த பிறகும் டப்பா திறந்தே இருந்தது.

"அங்க எங்க பொண்ணு இருக்கா," என்றார் ட்ரூஸ். "அறுபத்தி நாலுல பொறந்தா. மூச்சில்லாம. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்லன்னுட்டாரு சாமியார். என் கண்ணுலகூடக் காட்டல. இவருதான் எடுத்துட்டுப் போனாரு. எங்கன்னு சொல்லல, நானும் கேக்கல. மறுவாரம் பாத்தா அங்க ஒரு கன்னு நட்டிருந்துச்சு."

கிராடுஸின் கரண்டி கோப்பைக்குள் நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"ஒண்ணுக்கும் ஆகாத மரத்துக்கு வருஷம் தவறாம உரம் போட்டீங்களே. தெரியாமலா இருக்கும்?"

மேசையில் என் வரைபடம் விரிந்திருந்தது. ஆற்றுக்காக வெட்டப்போகும் புதிய கால்வாயின் நீலக் கோடு அந்த மரத்தின் மேல்தான் அழகாக வளைந்து போனது. ஆறு வருடமாக அவர்கள் வீட்டுக்காகத்தான் அடம்பிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ட்ரூஸ் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"இன்னொண்ணு எடுத்துக்கோம்மா. கையெழுத்துப் போடுறோம். மெஷின் மட்டும் வேணாம். கையால தோண்டுங்க. அவளையும் எங்களோட அனுப்பி வைங்க."