ஆப்பிள் பூவுக்கு வராத சனிக்கிழமைகள்

செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் கல்யாணம் நடக்காத மண்டபத்தை பிஷ்கெக் நகரத்தில் யாரும் மண்டபம் என்று சொல்ல மாட்டார்கள், கோடவுன் என்பார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் முடியப் போகிற நேரத்திலும் 'ஆப்பிள் பூ' மண்டபத்தை ஒரு சனிக்கிழமைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. ஊரே எஜே, எஜே என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் தொக்தொபூபூவின் மண்டபம் அது. புருஷனோடு சேர்ந்து பன்னிரண்டு வருஷம், அவர் போன பிறகு தனியாக ஆறு வருஷம் அவள் அதை நடத்தியிருக்கிறாள். அதை நம்பிப் பதினோரு பேர் அடுப்படியில் நிற்கிறார்கள்.

சாய்ராவுக்கு இது தன் வீட்டுக் கவலை மாதிரி. அவளும் தோழி ஜிபாரும் சேர்ந்து மண்டபங்களுக்காக ஒரு இணையதளம் ஆரம்பித்தபோது, "சின்னப் பொண்ணுங்க, பொழைச்சுப் போகட்டும்" என்று முதலில் வந்து சேர்ந்தவள் தொக்தோ எஜேதான். அவள் வந்ததைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். இன்று அறுபத்திரண்டு மண்டபங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரி உண்டு. பார்க்கிறவர்களுக்குத் தனித்தனி வீடு போலத் தெரியும், உள்ளே எல்லாம் ஒரே வீடு. வாசலில் நிற்கிற நிரல், வருகிறவர் தட்டிய முகவரியைப் பார்த்து அந்தந்த மண்டபத்துக்கு அனுப்பி வைக்கும். அதற்கு ஒரு விதிப் பட்டியல். மேலிருந்து வாசித்துக்கொண்டே வரும், முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். கீழே என்ன எழுதியிருந்தாலும் எட்டிப் பார்க்காது.

அந்தப் பட்டியல் சாய்ராவின் கைவேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. முக்கியமாக விருந்தாளி விதி. கரன்ட் போய்விட்டது, வெள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு மண்டபம் மூடிக் கிடந்தால், வேறு தளங்கள் 'பக்கம் இல்லை' என்று முகத்தில் அடித்து அனுப்பிவிடும். வாசல் வரைக்கும் வந்தவரை அப்படி அனுப்புவதாவது! அதே பேட்டையில் திறந்திருக்கும் இன்னொரு மண்டபத்துக்கு மரியாதையாகக் கூட்டிப் போகும்படி அவள் எழுதினாள். கிர்கிஸ்காரர்களைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று ஜிபார் அன்றைக்குக் கேலி செய்தாள். மண்டபக்காரர்கள் கொண்டாடினார்கள்.

ஜூலையில் தொக்தோ எஜே ஒரு தடவை போன் பண்ணினாள்.

"கண்ணு, உங்க பொட்டியில ஏதும் கோளாறா? சனிக்கிழமை கேட்டு ஒருத்தரும் வரலியே. நானே எங்க ஆபீசுல உக்காந்து தட்டிப் பாக்குறேன், எல்லாம் சரியாத்தான் வருது."

சாய்ரா ஜிபாரைக் கேட்டாள். ஜிபார் அரை மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எல்லாம் சுத்தமா இருக்குடி. அவங்க திரைச்சீலைய நீ பாத்தியா? எங்க அம்மா கல்யாணத்துக்கு மாட்டுனது மாதிரி இருக்கு. இந்தக் காலத்துப் பசங்க போட்டோ பாத்துத்தான மண்டபம் புடிக்கிறாங்க. எதமா சொல்லு, பாவம்."

சாய்ராவும் எதமாகச் சொன்னாள். எஜே மறுபேச்சுப் பேசாமல் திரைச்சீலை எல்லாவற்றையும் மாற்றினாள். அப்புறமும் யாரும் வரவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அத்தை மகன் எர்னிஸ் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். மண்டபம் 'ஏழு அன்னம்' என்று போட்டிருந்தது.

"நம்ம தொக்தோ எஜே இருக்கும்போது அங்க ஏன்டா போன?" என்றாள் சாய்ரா. "மாமியார் வீட்டுக்காரங்களுக்குக் கண்ணாடி மாளிகை கேக்குதோ?"

"எங்களுக்கு என்ன வேண்டுதலா? அம்மா ஆப்பிள் பூதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. உங்க தளத்துலதான் போட்டுப் பாத்தோம். சனிக்கிழமைன்னு போட்ட உடனே 'மூடியிருக்கு, ஏழு அன்னம் திறந்திருக்கு, வாங்க'ன்னு வந்துச்சு. வந்த இடத்துல பிடிச்சுப் போட்டுட்டோம்."

ஆப்பிள் பூ ஒருநாளும் மூடியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனவள் தோள்பையைக்கூட இறக்காமல் பட்டியலைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. விருந்தாளி விதிக்கு மேலே மூன்று வரிகள் சாதுவாக உட்கார்ந்திருந்தன. செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளுக்கு யார் கேட்டாலும் ஆப்பிள் பூ மூடியிருப்பதாக எடுத்துக்கொள். மூடியிருந்தால் ஏழு அன்னத்துக்கு அனுப்பு. அந்த இரண்டுக்கும் மேலே, முதலாவதாக, இன்னொரு வரி. கேட்கிறவர் ஆப்பிள் பூவின் சொந்த இணைய இணைப்பிலிருந்து கேட்டால் மட்டும் எதையும் மாற்றாதே.

கோளாறு என்று சொல்லித் தப்பிக்க அந்த வரி இடம் வைக்கவில்லை. எஜே தன் ஆபீசில் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பாள் என்று தெரிந்த ஒருத்தி, அந்தக் கிழவியின் கண்ணைக் கட்டுவதற்கென்றே அதை எழுதியிருக்கிறாள். எழுதியவள் பெயர் ஜிபார். ஒருத்தி எழுதினால் இன்னொருத்தி பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் தளத்துக்குப் போகாது, அது அவர்கள் வைத்த சட்டம். ஒப்புக்கொண்டவள் பெயர் சாய்ரா. தேதி ஜூன் பதினாலு.

ஜூன் பதினாலு சாய்ராவின் அப்பா இறந்த நாற்பதாம் நாள் காரியம். வீட்டில் இடம் போதாது என்று தொக்தோ எஜே தன் மண்டபத்தையே திறந்துவிட்ட நாள். மண்டபத்து அடுப்படியில் சாய்ரா மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஜிபார் போர்சோக் அப்பம் பொரித்துக்கொண்டிருந்தாள். "சின்ன மாத்தம்தான்டி, பண்டிகைப் பக்கத்தோட சேத்துப் போட்டிருக்கேன், ஒத்துக்கோ" என்று ஜிபாரே அவள் போனை எடுத்து நீட்டினாள். கையெல்லாம் மாவு. அழுத கண்ணோடு கட்டை விரலைப் பாவாடையில் துடைத்து சாய்ரா அழுத்தினாள். ஜிபார் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தானும் அழுதாள்.

பத்து மணிக்கு ஜிபார் வந்தாள். சாய்ரா திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"இது என்னது?"

ஜிபார் பார்த்தாள். மறுக்கவில்லை. டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என் தம்பிக்குப் பொண்ணு குடுத்திருக்கிறது ஏழு அன்னம் நடத்துற கனத் அண்ணன். உனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டுல வந்து ஒண்ணு கேட்டா என்னடி செய்யச் சொல்ற? நாளைக்கு அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல வாழணும்."

"அதுக்கு எஜே வயித்துல அடிப்பியா? எங்க அப்பா நாப்பதுல, அவங்க சோத்தத் தின்னுட்டே?"

"கத்தாத. அன்னைக்கு விட்டா வேற எந்த நாளும் நீ படிச்சுப் பாத்திருப்ப."

இப்படிச் சொல்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். பதினோரு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டவள், விடுதியில் ஒரே போர்வையில் குளிர்காலத்தைத் தள்ளியவள், தான் அழுத நாளாகப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொண்டாள் என்று சாய்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. கை எழவில்லை.

"இப்பவே எடுக்கிறேன். ஒத்துக்கோ" என்றாள்.

மூன்று வரிகளையும் அழித்து அனுப்பினாள். சண்டை போடுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தாள். ஜிபார் டீயைக் கீழே வைக்காமலே ஒரே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டாள்.

"எடுத்தாச்சு. மனசு ஆறுச்சா?" என்றாள்.

வெட்கப்பட்டுவிட்டாள் என்று சாய்ரா நினைத்தாள். அந்த ஒரு எண்ணம் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. சிற்றுந்து பிடித்து ஆப்பிள் பூவுக்கு ஓடினாள்.

தொக்தோ எஜே பெரிய கூடத்தில் கிண்ணங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த போன் நிமிஷத்துக்கு ஒரு தடவை முணுமுணுத்தது.

"வா கண்ணு. இதப் பாரேன் கூத்த! இந்த ஒரு மணி நேரத்துல ஏழு பேரு. எல்லாம் சனிக்கிழமைக்கு. ஊருல எல்லா மண்டபமும் ரொம்பிப் போச்சாம். இத்தன நாளு எங்க இருந்தாங்க இவங்க எல்லாம்?"

சாய்ரா நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் கட்டை விரல் அழுத்தியதையும் மறைக்கவில்லை. எஜே கிண்ணம் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ திரைச்சீலை நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள் கடைசியில்.

"நல்லாத்தான் இருந்துச்சு எஜே. இனிமே எல்லாம் உங்க வாசலுக்கே வரும். எல்லாத்தையும் சரிபண்ணிட்டேன்."

"திங்கக்கிழம கையெழுத்துப் போட்டுட்டேன்டா."

"எதுல?"

"மண்டபத்த வித்துட்டேன். ஆளே வராத எடத்த வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஏழு அன்னம் கனத்துதான் வாங்கிக்கிட்டாரு. அவரா வந்து கேட்டாரு, சமையல்காரங்கள நிறுத்த மாட்டேன்னு வாக்குக் குடுத்தாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

ஜிபார் ஏன் ஒரே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டாள் என்பது சாய்ராவுக்கு விளங்கியது. அந்த வரிகளின் வேலை திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. இனி ஆப்பிள் பூவுக்கு ஆள் வந்தால்தான் அவள் சம்பந்திக்கு லாபம், அதையும் சாய்ராவின் கையாலேயே செய்து வாங்கிக்கொண்டாள்.

"கேஸ் போடலாம் எஜே. நான் சாட்சி சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? எழுதுனது அவ. ஒத்துக்கிட்டது நீ. கோர்ட்டுல ரெண்டு பேரையும்தான நிக்க வைப்பாங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சாய்ராவால் தாங்க முடியாமல் இருந்தது.

போன் இந்த முறை முணுமுணுக்கவில்லை, மணி அடித்தது. எஜே எடுத்தாள். மறுபக்கம் ஒரு பெண் படபடவென்று பேசுவது சாய்ராவுக்கும் கேட்டது. கல்யாணப் பெண்ணின் தாய். எங்கேயும் இடம் கிடைக்கவில்லை, அக்டோபரில் ஏதாவது ஒரு சனிக்கிழமை தாருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

"அழாதம்மா. எடம் இருக்கு, எல்லாச் சனிக்கிழமையும் காலிதான்" என்றாள் எஜே. "ஆனா இப்ப மண்டபம் என்னுது இல்ல. கனத்துன்னு ஒருத்தரு. எழுதிக்கிறியா?"

ஒரு கையால் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி, அவர் போன் எண்ணை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், அந்த அம்மா எழுதி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னாள். தப்பாக எழுதியிருக்கப் போகிறாள் என்று இன்னொரு தடவையும் சொன்னாள். சாய்ரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.